செவ்வூரணி அரண்மனையின் வடக்குச் சுவர்

அமீர் ஹம்சாவுக்குக் கோபமே வராது என்றுதான் காரைக்குடியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். மேல் சாரத்தில் நிற்கிறவன் கை தவறி அவர் தலையில் பெயிண்டைக் கொட்டினாலும், அண்ணாந்து பார்த்து, "ஷேடு நல்லாத்தான்டா இருக்கு, தண்ணிதான் கூடிப்போச்சு" என்று சொல்கிற ஆள். வயது ஐம்பத்துநாலு. ஷார்ஜாவில் பதினாறு வருடம் ஓட்டல்களுக்கு வர்ணம் அடித்துவிட்டு முழங்கால் வலியோடு ஊர் திரும்பியவர். திரும்பிய பிறகும் வீட்டில் உட்காரவில்லை. பெரிய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் முதலில் தேடுவது அவரைத்தான். சுவரில் ஒரு முழம் பூச்சு பெயர்ந்திருந்தால் பக்கத்து நிறத்தைக் கண்ணால் பார்த்தே கலந்து அடிப்பார். காய்ந்த பிறகு எது பழசு, எது புதுசு என்று வீட்டுக்காரரே தடவிப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட ஆளுக்குப் போன வருடம் ஆனி மாதத்தில் கோபம் வந்தது. வந்தது இன்னும் இறங்கவில்லை.

காளையார்கோவிலுக்குத் தெற்கே, பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் செவ்வூரணி. அங்கே ஒரு பாளையக்காரர் அரண்மனை இருக்கிறது. ஐந்நூறு வருடம் பழமையானது என்று வாசல் பலகை சொல்லும். வம்சம் அற்றுப்போய் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகு அது கொஞ்ச காலம் நெல் கிடங்காக இருந்தது. கொஞ்ச காலம் பழைய காகிதக் கட்டுகளைப் போட்டு வைக்கும் இடமாக இருந்தது. மிச்ச காலம் வௌவால்களுக்கு இருந்தது. கடைசியில் ஒருநாள் அதைப் புனரமைப்பது என்று முடிவாகி, ஏகப்பன் என்ற காண்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். ஏகப்பன் அதுவரை கட்டியவை பஸ் நிழற்குடைகள், மேல்நிலைத் தொட்டிகள், பள்ளிக்கூடக் கழிப்பறைகள். அரண்மனையும் கட்டடம்தானே என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அமீர் ஹம்சாவுக்குக் கொடுத்த இடம் ராணி மகால். நீளமான கூடம், நாலு பக்கமும் உயரமான சுவர், எல்லாவற்றிலும் கனமாகச் சுண்ணாம்பு வெள்ளை. சுரண்ட வேண்டும், பட்டி மாவு பூசி மழமழப்பாக்க வேண்டும், பிரைமர் அடித்து இரண்டு கை எமல்ஷன் பெயிண்ட் பூச வேண்டும். அதன்மேல் அட்டை வெட்டி வைத்து மயில் வரைய மதுரையிலிருந்து ஆள் வருவான். தை மாதம் திறப்பு விழா. இவ்வளவுதான் உத்தரவு.

செவ்வாய்க்கிழமை காலையில் வடக்குச் சுவரில் கரண்டியை வைத்தார். ஏழெட்டுத் தடவை அடித்த வெள்ளை, காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி பெரிய பெரிய சில்லாகக் கழன்று வந்தது. நாலாவது சில்லுக்குக் கீழே ஒரு காவிக் கோடு தெரிந்தது. விரிசலில் மண் இறங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தார். அடுத்த சில்லைத் தட்டியதும் அந்தக் கோடு வளைந்து ஒரு குளம்பில் போய் முடிந்தது. அதற்குக் கீழே பச்சையில் அலை அலையாகத் தண்ணீர்.

அமீர் ஹம்சா இரும்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மூங்கிலைச் சீவி முனை மழுக்கி எடுத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டுப் பொருக்கைத் தட்டத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் ஒரு குதிரையின் இரண்டு கால், சாய்வாக வைத்த ஒரு பலகை, படகின் விளிம்பு எல்லாம் வெளியே வந்தன. சைட் இன்ஜினீயர் கோபிநாத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். கோபிநாத்துக்கு இருபத்தாறு வயது; முதல் வேலை.

"சார், வேலைய நிப்பாட்டுங்க. உள்ள படம் இருக்கு."

கோபிநாத் வாயைப் பிளந்து பார்த்தான். போனில் படம் எடுத்தான். வீடியோவும் எடுத்தான். "சூப்பர் பாய்! நான் ஆபீசுல கேட்டுச் சொல்றேன். நீங்க மெதுவா எடுங்க" என்றான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் மெதுவாக எடுத்தார். ஒரு பெரிய மரக்கலம் முழுசாகத் தெரிந்தது. அதிலிருந்து குதிரைகளை ஜோடி ஜோடியாகப் பலகை வழியே இறக்குகிறார்கள். கரையில் அரண்மனை ஆள் ஒருவன் ஒரு குதிரையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். மேலே சாளரத்தில் நாலு பெண்கள். அதில் ஒருத்தி பக்கத்தில் நிற்பவளின் காதில் என்னவோ சொல்கிறாள், மற்றவள் சிரிப்பை அடக்குகிறாள். வியாழக்கிழமை சாயங்காலம்தான் குதிரையைப் பிடித்து வருகிறவர்களின் தலை தெரிந்தது. தாடி, தலையில் உயரமான தொப்பி, ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு முகம். பார்த்த ஆளைப் பார்த்தபடியே வரைந்திருக்கிறான் என்று பட்டது. அமீர் ஹம்சா ஒவ்வொன்றையும் தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டார். எந்த உருவம் தரையிலிருந்து எத்தனை சாண் உயரத்தில் இருக்கிறது என்று ஷேடு கார்டின் பின்பக்கத்தில் குறித்தும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏகப்பன் நேரில் வந்தார். சுவரை ஒரு தடவை பார்த்தார். கோபிநாத்தைப் பார்த்தார்.

"என்ன பாய், வெள்ளையச் சுரண்டச் சொன்னா படம் காட்டிக்கிட்டு இருக்கீக? மூணு நாள் போயிருச்சு. இன்னைக்குப் பட்டி போட்டுருங்க."

அமீர் ஹம்சாவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம். "படத்து மேலயா?"

"எஸ்டிமேட்டுல சுரண்டல், பட்டி, பிரைமர், ரெண்டு கோட்டு எமல்ஷன். படம் வந்தா என்ன செய்யணும்னு போட்டிருக்கா? இல்லைல்ல?"

"சொவத்துல இருக்குறது ஒங்க எஸ்டிமேட்டப் படிச்சுட்டா வந்துச்சு? அது இருக்கு. கண்ணால பாக்குறீகள்ல?"

"ஆபீசுல கேட்டாச்சு பாய். மேற்கொண்டு போங்கன்னுட்டாக. திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. மயில் வரையத்தான் போறாக. அதுவும் படம்தானே?"

அமீர் ஹம்சா பொறுமையாகவே பேசிப் பார்த்தார். இது சுண்ணாம்புச் சுவர். ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் மாதிரி எமல்ஷனைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, மேல்பூச்சோடு அடிப்பூச்சும் சேர்ந்து பெயர்ந்துவிடும். ஷார்ஜாவிலிருந்து வந்த புதிதில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தெரியாத்தனமாக அப்படிப் பூசி, அடுத்த மழைக்கே சுவரைக் கெடுத்தவர் அவர். அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை; உரிந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வெட்கத்தையும் மறைக்காமல் ஏகப்பனிடம் சொன்னார்.

ஏகப்பன் சிரித்தார். சுவரில் இருந்த குதிரைக்காரர்களைச் சுட்டினார். "தொப்பி போட்ட ஆளுக இருக்காகன்னுதானே பாய் இம்புட்டுத் துடிக்கிறீக? மத்தபடி பெயிண்டருக்கு என்ன வந்துச்சு?"

கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை வேலையை நிறுத்தச் சொன்னபோது சுவரில் இருந்தவை இரண்டு குதிரைக் காலும் ஒரு பலகையும் படகின் விளிம்பும்தான். அது கோபிநாத்துக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. அமீர் ஹம்சா பட்டித் தகட்டைக் கழுவினார், பைக்குள் போட்டார், சட்டையை மாட்டினார்.

"முதலாளி, இந்தச் சொவத்துல நான் பட்டி போட மாட்டேன். வேற யாரும் போடவும் கூடாது. ஐந்நூறு வருசமா ஒருத்தன் கையும் இதக் கெடுக்கல. நெல்லடிச்சு வச்சவன் கெடுக்கல, வௌவாலு கெடுக்கல. காப்பாத்த வந்தேன்னு சொல்ற நீங்க கெடுக்கப் போறீக."

"அப்ப நாளையில இருந்து வராதீக."

"இன்னைக்கே போறேன்."

வாசலில் காவலாளி மாயக்கண்ணன் வருகை நோட்டை நீட்டினான். வெளியே போன நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாயக்கண்ணன் போன் செய்தான். "அமீரண்ணே, திருச்சிப் பக்கத்து ஆளுகளக் கூட்டியாந்துருக்காக. தேய்க்கிற மெஷினு வந்துருச்சு."

அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. மாயக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைச் சாத்தினான். ராணி மகாலின் சன்னல் வழியே மெஷின் சத்தம் கேட்டது. பட்டி நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று சுவரைச் சுரசுரப்பாகத் தேய்க்கிறார்கள். சன்னலிலிருந்து தூசி வந்தது. முதலில் வெள்ளையாக வந்தது. பிறகு காவியாக வந்தது. ஒரு நேரம் லேசான பச்சையாகவும் வந்தது.

அமீர் ஹம்சா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வாழ்க்கையில் அவர் அப்படிக் கத்தியதே இல்லை. "டேய், அது மூஞ்சிடா! மூஞ்சியத் தேய்க்காதீகடா!" உள்ளே மெஷின் ஓட்டுகிறவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமையே சிவகங்கைக்குப் பஸ் ஏறினார். ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். பட்டா கேட்டு வந்தவர்கள், பென்ஷன் கேட்டு வந்தவர்கள், ரோடு கேட்டு வந்தவர்கள் என நீண்ட வரிசையின் கடைசியில் நின்றார். மனுவைத் தானே எழுதியிருந்தார். போட்டோக்களை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுச் சேர்த்திருந்தார். மனுவுக்கு எண் கொடுத்தார்கள். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்படும் என்றார்கள். அனுப்பினார்கள், எந்தத் துறை பட்டி போடச் சொன்னதோ அதே துறைக்கு.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மனைவி பாத்திமுத்து தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசித்தார். "மேற்படி அரண்மனையின் ராணி மகாலில் கள ஆய்வு செய்யப்பட்டதில், சுவர்களில் ஓவியங்கள் ஏதும் காணப்படவில்லை என்பது தெரிவிக்கப்படுகிறது."

"மூடிட்டுப் போய்ப் பாத்தா எப்படித் தெரியும்?" என்றார் அமீர் ஹம்சா. "கண்ணக் கட்டிக்கிட்டு இருட்டா இருக்குன்னு எழுதுறானுக!"

"விடுங்களேன். ஒங்க வீட்டுச் சொவரா அது?"

"யார் வீட்டுச் சொவருமில்லன்னுதானே தேய்ச்சுட்டானுக."

பாத்திமுத்து மறுபடியும் தையல் மெஷினை மிதித்தார். அமீர் ஹம்சா அடுத்த திங்கட்கிழமையும் போனார். அதற்கடுத்ததும் போனார். மனு வாங்குகிற மேசையில் இருந்தவர்கள் அவரை 'அரண்மனை பாய்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பத்து நாள் விடாமல் பெய்தது. கார்த்திகை முதல் வாரத்தில் மாயக்கண்ணன் மறுபடியும் போன் செய்தான். வடக்குச் சுவரில் புது எமல்ஷன் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறதாம். மயில் இரண்டின் தோகை உரிந்து தொங்குகிறதாம். உரிந்த இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்து, அதற்கும் உள்ளே காவி நிறம் தெரிகிறதாம். கேட்டபோது அமீர் ஹம்சாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. "அந்த எமல்ஷனோட படமும்ல சேந்து வரும்" என்றார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இரண்டாவது கடிதம். இதையும் பாத்திமுத்துதான் வாசித்தார். "ராணி மகாலின் பழமையான ஓவியங்கள் கொண்ட வடக்குச் சுவரில், ஒப்பந்ததாரரின் தொழிலாளியான அமீர் ஹம்சா என்பவர் உரிய அனுமதியின்றித் தரமற்ற முறையில் பட்டி பூசியதால் சேதம் ஏற்பட்டுள்ளது. மேற்படி நபர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்."

அமீர் ஹம்சா கடிதத்தை வாங்கித் தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தார். எந்தச் சுவரில் பட்டி போட மாட்டேன் என்று வெளியே வந்தாரோ, அந்தச் சுவரில் பட்டி போட்டவன் அவர்தான் என்று முத்திரை குத்தி எழுதிவிட்டார்கள். கடிதத்துக்கு முன்பே பேச்சு காரைக்குடிக்கு வந்துவிட்டது. பேசி முடித்திருந்த இரண்டு வீடுகளில், "கொஞ்ச நாள் போகட்டும் பாய்" என்று சொல்லிவிட்டார்கள்.

அதுவரை விடச் சொல்லிக்கொண்டிருந்த பாத்திமுத்து, "வர்ற திங்கக்கிழமை நானும் வாரேன்" என்றார்.

அன்று மேசையில் மாவட்ட வருவாய் அலுவலர் இருந்தார். புதிதாக மாற்றலாகி வந்த அம்மாள். அமீர் ஹம்சா முதலிலிருந்து சொல்லத் தொடங்க, பின்னால் வரிசை முணுமுணுத்தது. பாத்திமுத்து கணவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் இரண்டு கடிதத்தையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்தார்.

"அம்மா, இந்தக் கடிதாசியில படமே இல்லைன்னு எழுதியிருக்காக. இந்தக் கடிதாசியில படத்த இவுக கெடுத்துட்டாகன்னு எழுதியிருக்காக. ரெண்டும் ஒரே ஆபீசு, ஒரே கையெழுத்து. இல்லாத படத்த எப்படிம்மா ஒரு மனுசன் கெடுப்பாரு? அத மட்டும் நீங்க படிச்சுச் சொல்லுங்க, நாங்க போயிர்றோம்."

அந்த அம்மாள் இரண்டையும் இரண்டு தடவை படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "உக்காருங்க" என்றார். ஆறு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் அமீர் ஹம்சாவை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விசாரணை அரண்மனையிலேயே நடந்தது. அந்த அம்மாள் வந்தார். பழைய ஓவியங்களைக் காப்பாற்றும் வேலை தெரிந்த சத்தியப்பிரியா என்ற பெண் சென்னையிலிருந்து வந்தார். ஏகப்பன், பட்டி போட்ட தேதியில் அமீர் ஹம்சா வேலையில் இருந்ததாகத் தயங்காமல் சொன்னார். கோபிநாத்திடம் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவன் எடுத்த வீடியோவைப் பற்றியும் கேட்டார்கள். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "ஞாபகமில்ல மேடம்" என்றான்.

அமீர் ஹம்சாவுக்கு அந்த நிமிடத்தில் ஏகப்பனைவிட அவன்மேல்தான் அதிகம் எரிந்தது. படித்த பையன். பார்த்த பையன். சூப்பர் என்று சொன்ன பையன்.

அப்போது மாயக்கண்ணன் வாசலிலிருந்து வந்தான். தினக்கூலிக் காவலாளி, நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தினால் கேட்க நாதியில்லை. அவன் கையில் வருகை நோட்டு இருந்தது. "அம்மா, இதப் பாருங்க. வெள்ளிக்கிழமை அமீரண்ணே வெளிய போன கையெழுத்து இங்குட்டு இருக்கு. அதுக்குப் பெறகு அவரு உள்ள வரவே இல்ல. பட்டி மூட்டை வந்தது, மெஷினு வந்தது, அந்த ஆளுக வந்தது எல்லாம் திங்கக்கிழமை. அங்குட்டு எழுதியிருக்கு. நான்தான் எழுதுனேன்."

ஏகப்பன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

சத்தியப்பிரியா சாரத்தில் ஏறி, உப்பியிருந்த ஏழெட்டு இடங்களில் சின்னக் கத்தியால் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டியை விலக்கினார். அலை இருந்தது. படகு விளிம்பு இருந்தது. சாளரத்துப் பெண்கள் உயரத்தில் இருந்ததால் மெஷின் அங்கே சரியாக எட்டவில்லை. சிரிப்பை அடக்குகிறவள் அப்படியே இருந்தாள். ஆனால் ஆள் உயரத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டிருந்தது. குதிரைக்காரர்களுக்கு உடம்பு இருந்தது, தொப்பியின் விளிம்பு இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்ட வட்டமாகச் சுரண்டல் இருந்தது. பல்லைப் பார்த்த அரண்மனை ஆளுக்கும் அதே கதி.

"முதல்ல இதுல கை வச்சது நீங்களா?" என்று சத்தியப்பிரியா கேட்டார்.

"நான்தாம்மா. வெள்ளைய எடுத்தது நான். மேல போட்டது நான் இல்ல."

"எடுத்த இடம் ரொம்பச் சுத்தமா இருக்கு. எதால எடுத்தீங்க?"

"மூங்கிலச் சீவித்தாம்மா" என்றார் அமீர் ஹம்சா. தன் போனை எடுத்து, ஆனியில் பிடித்து வைத்த முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றுக்குத் தாடி நரைத்திருந்தது. ஒன்றுக்கு ஒரு கண் கொஞ்சம் சிறியது. சத்தியப்பிரியா நெடுநேரம் பார்த்தார். இப்போது அந்த முகங்கள் இருக்கும் இடம் அந்த போனும் மனுவோடு போன பிரிண்டுகளும்தான்.

வேலை நிறுத்தப்பட்டது. கைபடாத மற்ற மூன்று சுவர்களும் தப்பின. திறப்பு விழா தள்ளிப்போயிற்று. ஏகப்பனுக்கு அந்தத் துறையில் ஒரு வருடம் வேலை கிடையாது என்றார்கள். இரண்டு மாதத்தில் அவருடைய மச்சினன் பேரில் பலகை வைத்துக் கண்மாய்க் கரை வேலை நடப்பதை அமீர் ஹம்சா பஸ்ஸிலிருந்து பார்த்தார். பட்டி போடச் சொன்ன அதிகாரி யார் என்பது எந்தக் காகிதத்திலும் வரவில்லை. கோபிநாத் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனான். மாயக்கண்ணன் மட்டும் வேலையில் இருக்கிறான். அதுவும் அந்த வருவாய் அலுவலர் அம்மாள் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதால்தான்.

வடக்குச் சுவரில் பட்டியை விலக்கும் வேலைக்குச் சத்தியப்பிரியா அமீர் ஹம்சாவைக் கூப்பிட்டார். "என் பேர எடுத்துட்டோம்னு எழுத்துல தரட்டும். பெறகு வாரேன்" என்றார் அவர். நாலு மாதம் கழித்து அந்தக் கடிதமும் வந்தது. முந்தைய கடிதத்தில் அவர் பெயர் "தட்டச்சுப் பிழையால்" இடம்பெற்றுவிட்டதாம். பாத்திமுத்து அதை வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு மனுசன் பேரு முழுசா, தப்பில்லாம, தட்டச்சுப் பிழையாவா வரும்?"

அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அவர் செவ்வூரணிக்கு வேலைக்குப் போகிறார். ஒரு நாளைக்கு ஒரு சாண் அகலம்கூட முடிவதில்லை. முழங்கால் வலிக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஈரப்பஞ்சும் மழுங்கிய மூங்கிலுமாக, மற்றவன் ஒரு காலையில் பூசியதை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்கிறார் சத்தியப்பிரியா.

போன மாதம் வெளியூரிலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம் பார்க்க வந்தது. கூட வந்த வழிகாட்டி, முகமில்லாத குதிரைக்காரர்களைக் காட்டி, "காலத்தின் கோலத்தால் இந்த முகங்கள் அழிந்துவிட்டன" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அமீர் ஹம்சா சாரத்திலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"தம்பி, காலத்து மேல பழியப் போடாதீக. காலம் ஐந்நூறு வருசம் பத்திரமா வச்சிருந்துச்சு. போன வருசம் ஆனி மாசம், ஒரு திங்கக்கிழமை காலையில, மெஷின வச்சுத் தேய்ச்சாக. ஏகப்பன்னு ஒரு காண்ட்ராக்டர். தேய்க்கச் சொன்ன அதிகாரி பேரு தெரியல, கேட்டுக்கிட்டு இருக்கேன். இதச் சொல்லுங்க. வர்றவுக எல்லார்ட்டயும் இதையே சொல்லுங்க."

பிள்ளைகள் போனை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார்கள். வழிகாட்டி தடுமாறி, "சரிங்க பாய்" என்றான்.

"சரிங்கன்னா போதாது. இப்பச் சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்று அமீர் ஹம்சா அங்கேயே நின்றார்.